வெயிலில் வீணாகும் டீசல் புகைத் திரவம்: வாளையார் வழி செல்லும் லாரிகள் கவனிக்க வேண்டியவை

வாளையார்: பி.எஸ். 6 தர லாரிகளின் புகையைத் தூய்மைப்படுத்தப் பயன்படும் டீசல் புகைத் திரவம் தீப்பற்றாதது. நஞ்சு என வகைப்படுத்தப்படாதது. ஆனால் வெப்பத்திலும் அசுத்தத்திலும் எளிதில் தரம் இழக்கக்கூடியது. கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பாலக்காடு எல்லைப் பகுதியில், இத்திரவத்தை எவ்வளவு வாங்குவது, எங்கே வைப்பது, எப்போதுக்குள் பயன்படுத்துவது என்பது லாரி உரிமையாளர்களின் பழுதுச் செலவையும் சாலையோர மக்கள் சுவாசிக்கும் காற்றையும் தீர்மானிக்கும் விஷயமாக உள்ளது.

கோவையையும் பாலக்காட்டையும் இணைக்கும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தமிழ்நாடு–கேரள எல்லையில் அமைந்துள்ளது வாளையார். கேரளத்துக்கான காய்கறி, அரிசி, கால்நடை, கட்டுமானப் பொருள்கள் எனப் பலவகைச் சரக்குகள் இவ்வழியாகவே செல்கின்றன. மலபார் சிமென்ட்ஸ் ஆலை இங்குள்ளது. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையும் அருகில் உள்ளது. இதனால் கனரக வாகனங்களின் நடமாட்டம் இரவு பகலாகத் தொடர்கிறது. தெற்கே இடுக்கி மாவட்டத்தில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய எல்லைகள் வழியாகவும் சரக்கு வாகனங்கள் மலையேறுகின்றன.

டி.இ.எஃப். என்பது என்ன?

டீசல் புகைத் திரவம், டி.இ.எஃப். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. ஓட்டுநர்கள் இதனை ‘ஆட்புளூ’ என்றோ ‘யூரியா’ என்றோ குறிப்பிடுவது வழக்கம். ‘ஆட்புளூ’ என்பது ஜெர்மனி வாகனத் தொழில் சங்கத்துக்குச் சொந்தமான வணிகக் குறியாகும். பெயர் எதுவாயினும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: எடையில் 32.5 சதவீதம் உயர்தூய்மை யூரியா, 67.5 சதவீதம் கனிமங்கள் நீக்கப்பட்ட நீர். இதன் தரம், கையாளும் முறை, சேமிப்பு முறை ஆகியவற்றை ஐ.எஸ்.ஓ. 22241 என்ற சர்வதேசத் தரநிலை வரையறுக்கிறது.

இத்திரவம் டீசலுடன் கலக்கப்படுவதில்லை. நீல மூடியுள்ள தனித் தொட்டியில் நிரப்பப்பட்டு, எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையின் மீது நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. வெப்பத்தில் யூரியா சிதைந்து அம்மோனியாவாக மாறுகிறது. வினையூக்கி அறையில் இந்த அம்மோனியா, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வினைபுரிந்து, அவற்றைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது.

இந்தியா முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. கனரக டீசல் எஞ்சின்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு பி.எஸ். 4 விதிகளில் ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் வரை அனுமதி இருந்தது. பி.எஸ். 6 விதிகள் நிலையான இயக்கச் சோதனையில் அதனை 0.4 கிராமாகக் குறைத்தன. ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துள்ள இந்த வரம்பை எட்டுவதற்குப் பெரும்பாலான கனரக வாகனங்கள் டி.இ.எஃப். முறையையே சார்ந்துள்ளன.

நைட்ரஜன் ஆக்சைடுகள் நுரையீரலைப் பாதிப்பவை. தரைமட்ட ஓசோனும் நுண்துகள்களும் உருவாகக் காரணமாக இருப்பவை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, டீசல் எஞ்சின் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2012ஆம் ஆண்டு சேர்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.

குளிர் அல்ல, வெப்பமே எதிரி

டி.இ.எஃப். திரவம் மைனஸ் 11 டிகிரி செல்சியஸ் அளவில் உறையும். ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் பலவும் உறைதலைப் பற்றி விரிவாக எச்சரிப்பதற்கு இதுவே காரணம். ஆனால் உறைந்த திரவம் உருகிய பின் மீண்டும் பயன்படும், தரம் கெடுவதில்லை. குளிர்காலத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலை பதிவாகும் மூணாறு மலைப்பகுதியிலும்கூட, இத்திரவம் உறையும் அளவுக்குக் குளிர் செல்வதில்லை.

வெப்பத்தால் ஏற்படும் சேதம் அத்தகையதன்று. அது திரும்பப் பெற முடியாதது. வெப்பம் கூடக்கூட யூரியா மெல்லச் சிதைந்து அம்மோனியாவை வெளியிடுகிறது. திரவத்தின் காரத்தன்மை உயர்கிறது. மூடி சரியாக இல்லாவிட்டால் நீர் ஆவியாகி யூரியாவின் செறிவும் மாறுகிறது.

திரவத்தின் ஆயுளைச் சேமிப்பு வெப்பநிலையின் அடிப்படையில் ஐ.எஸ்.ஓ. தரநிலை பின்வருமாறு கணக்கிடுகிறது:

10 டிகிரிக்கு மிகாத இடத்தில் 36 மாதங்கள்.
25 டிகிரிக்கு மிகாத இடத்தில் 18 மாதங்கள்.
30 டிகிரிக்கு மிகாத இடத்தில் 12 மாதங்கள்.
35 டிகிரிக்கு மிகாத இடத்தில் 6 மாதங்கள்.
35 டிகிரிக்கு மேல் உறுதியான கால அளவு ஏதுமில்லை. பயன்படுத்தும் முன் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரிதான் வாளையாருக்கு முக்கியமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் அமைந்த இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். தமிழகச் சமவெளியின் வறண்ட வெப்பக் காற்று இதன் வழியாகப் பாலக்காட்டை அடைகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் இங்கு வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டியதை அடுத்து, இந்திய வானிலை ஆய்வு மையம் பாலக்காடு மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. வானிலை ஆய்வு மையம் அளவிடுவது நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலையை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் லாரியின் மேல்தளத்திலும் வைக்கப்பட்ட பக்கெட்டின் வெப்பம் அதனினும் கூடுதலாகவே இருக்கும்.

ஒரு நாள் வெயிலில் இருந்ததாலேயே திரவம் பாழாகிவிடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு வெப்பமான நாளும் அதன் ஆயுளைக் குறைத்துக்கொண்டே செல்கிறது. உறையில் 12 அல்லது 18 மாதங்கள் என அச்சிடப்பட்டிருப்பது நிழலான, குளிர்ந்த கிடங்குக்கான கணக்கே தவிர, கோடைகாலச் சாலையோரக் கடைக்கானது அல்ல.

எவ்வளவு வாங்கலாம்?

டி.இ.எஃப். பொதுவாக 20 லிட்டர் பக்கெட், 210 லிட்டர் பேரல், 1,000 லிட்டர் கூண்டுத் தொட்டி ஆகிய அளவுகளில் விற்கப்படுகிறது. பெரிய அளவில் வாங்கினால் விலை குறையும். ஆனால் எஞ்சிய திரவம் கெட்டுப்போனால் அந்த லாபம் நிலைக்காது.

பி.எஸ். 6 கனரக வாகனங்களில் டி.இ.எஃப். செலவு, டீசல் செலவில் தோராயமாக 3 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் ஒரு லாரி 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல் செலவிடும். 5 சதவீதம் எனக் கொண்டால் அதற்குத் தேவையான டி.இ.எஃப். 12.5 லிட்டர். அதாவது, 20 லிட்டர் பக்கெட் ஒன்று சுமார் 1,600 கிலோமீட்டருக்குப் போதுமானது.

வாரத்துக்கு 1,000 கிலோமீட்டர் ஓடும் இரண்டு லாரிகளை வைத்திருக்கும் ஒருவருக்கு வாரத்துக்கு 25 லிட்டர் தேவைப்படும். அவர் வாங்கும் 210 லிட்டர் பேரல் எட்டு வாரங்களில் தீர்ந்துவிடும். ஆனால் 1,000 லிட்டர் தொட்டி வாங்கினால், அது தீர்வதற்கு 40 வாரங்கள் ஆகும். 35 டிகிரி வெப்பநிலையில் சேமிக்கப்படும் திரவத்தின் ஆறு மாத ஆயுளை இது கடந்துவிடுகிறது. பத்து லாரிகள் வைத்திருப்பவருக்கு அதே 1,000 லிட்டர் எட்டு வாரங்களில் முடிந்துவிடும் என்பதால் அவருக்கு அது பொருந்தும்.

எனவே கோடை மாதங்களில் இரண்டு மாதத் தேவைக்கு மேல் இருப்பு வைக்காமல் இருப்பதே சிறு உரிமையாளர்களுக்கு ஏற்றது. முதலில் வந்த சரக்கை முதலில் பயன்படுத்த வேண்டும். பல மாதங்கள் ஓடாமல் வெயிலில் நின்ற லாரியின் தொட்டியில் உள்ள திரவத்துக்கும் இதே விதி பொருந்தும். அதனைச் சோதித்த பிறகே வண்டியை ஓட்ட வேண்டும்.

ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

வெப்பத்துக்கு அடுத்த எதிரி அசுத்தம். ஐ.எஸ்.ஓ. தரநிலையின்படி ஒரு கிலோ டி.இ.எஃப். திரவத்தில் கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம், இரும்பு ஆகியவை ஒவ்வொன்றும் 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. செம்பு, துத்தநாகம் ஆகியவற்றுக்கான வரம்பு 0.2 மில்லிகிராம்.

இந்த வரம்பு எவ்வளவு நுண்மையானது என்பதை எளிய கணக்கால் அறியலாம். 20 லிட்டர் பக்கெட்டில் உள்ள திரவத்தின் எடை ஏறத்தாழ 21.8 கிலோ. அதில் அனுமதிக்கப்பட்ட மொத்தக் கால்சியம் 11 மில்லிகிராமுக்கும் குறைவு. இந்தியக் குடிநீர்த் தரநிலை ஒரு லிட்டர் குடிநீரில் 75 மில்லிகிராம் கால்சியத்தை ஏற்கத்தக்க அளவாகக் கொள்கிறது. அத்தகைய நல்ல குடிநீரே 150 மில்லி, அதாவது ஒரு சிறு டம்ளர் அளவு, பக்கெட்டில் கலந்தால் கால்சியம் வரம்பைத் தொட்டுவிடும். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் என்றால் அதனினும் குறைந்த அளவே போதும்.

இவ்வாறு சேரும் கனிமங்கள் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்கின்றன. தெளிப்பு முனையின் நுண்துளைகளும் அடைபடுகின்றன. கண்ணுக்குத் திரவம் தெளிவாகவே தெரியும் என்பதால், பழுது ஏற்படும் வரை தவறு வெளிப்படுவதில்லை. பழுதான வினையூக்கியை மாற்றும் செலவோடு ஒப்பிடுகையில் நல்ல திரவத்தின் விலை மிகச் சிறிது.

ஆகவே டீசலோ எண்ணெயோ பட்ட புனல், குழாய், கேன் ஆகியவற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. டி.இ.எஃப்.க்கு எனத் தனிப் புனலும் குழாயும் வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றைக் குழாய் நீரில் கழுவினால், இறுதியாகக் கனிமம் நீக்கிய நீராலோ சிறிதளவு டி.இ.எஃப். திரவத்தாலோ அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். நிரப்பும் முன் தொட்டி வாயைச் சுற்றியுள்ள தூசியைத் துடைப்பதும் அவசியம். சிமென்ட் தூசி படியும் வாளையார் போன்ற சாலைகளில் இது கூடுதல் கவனத்துக்குரியது. சிமென்டின் முக்கியக் கூறே கால்சியம்தான்.

எந்தக் கலம், எந்த இடம்?

செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு, சாதாரண இரும்பு, அலுமினியம் ஆகியவற்றை டி.இ.எஃப். அரிக்கும். அரிக்கப்பட்ட உலோகம் திரவத்தில் கலந்து வினையூக்கியைச் சென்றடையும். எனவே அடர்த்தி மிகு பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றாலான கலங்களே ஏற்றவை. பித்தளைக் குழாய்த் திறப்பானும், துத்தநாகம் பூசிய தகர வாளியும் பலருக்கும் தெரியாமல் செய்யப்படும் தவறுகள்.

சேமிக்கும் இடத்தில் நேரடி வெயில் படக் கூடாது. காற்றோட்டம் இருக்க வேண்டும். சிமென்ட் தரையின் மீது நேரடியாக அல்லாமல் மரப்பலகை மீது அடுக்குவது நல்லது. கூரை தகரமாக இருந்தால், அதனை ஒட்டிய மேல் அடுக்கில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். மூடியை முத்திரையுடன் இறுக்கமாக வைத்து, திறந்த பக்கெட்டில் மீதமுள்ளதை விரைவில் பயன்படுத்திவிட வேண்டும்.

தொட்டி மாறினால்

டி.இ.எஃப். நிரப்பும் குழாய் முனையின் விட்டம் 19 மில்லிமீட்டர். டீசல் குழாய் முனை அதனினும் பெரியது. தவறான தொட்டியில் நிரப்புவதைத் தடுக்கவே இந்த வேறுபாடு. ஆனால் பக்கெட்டிலிருந்து புனல் வழியாக ஊற்றும்போது இந்தப் பாதுகாப்பு பயனளிப்பதில்லை.

டீசல் தொட்டியில் டி.இ.எஃப். விழுந்தால், டீசலை விட அடர்த்தி மிகுந்த அது அடியில் தங்கி எரிபொருள் அமைப்பை அரிக்கும். டி.இ.எஃப். தொட்டியில் டீசல் விழுந்தால், சிறிதளவே ஆயினும் வினையூக்கி அமைப்பு சேதமடையும். இவ்விரு நிலைகளிலும் வண்டியின் சாவியைத் திருப்பவே கூடாது. எஞ்சினை இயக்காமல் பட்டறைக்குத் தெரிவித்து, தொட்டியைக் காலி செய்து சுத்தப்படுத்த வேண்டும். சாவியைத் திருப்பும் முன் கண்டறிந்தால் செலவு தொட்டியோடு முடியும். திருப்பிய பின் முழு அமைப்புக்கும் பரவும்.

உடல்நலமும் கால்நடைகளும்

டி.இ.எஃப். லேசான காரத்தன்மை உடையது. தோலில் பட்டால் நீரால் கழுவினால் போதும். கண்ணில் பட்டால் 15 நிமிடங்கள் தூய நீரால் கழுவி, எரிச்சல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். வெயிலில் நெடுநாள் இருந்த கலத்தைத் திறக்கும்போது அம்மோனியா வாயு வெளிப்படலாம் என்பதால், முகத்தை விலக்கி, திறந்த வெளியில் மெதுவாகத் திறக்க வேண்டும்.

சிந்திய இடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவுவது ஆபத்தானது. குளோரின் சார்ந்த வெளுப்புப் பொருள்கள் யூரியாவுடன் சேரும்போது, வெடிக்கும் தன்மையுள்ள நைட்ரஜன் டிரைகுளோரைடு உருவாகக்கூடும். மணலைக் கொட்டி உறிஞ்சச் செய்து அள்ளிவிட்டு, எஞ்சியதை நீரால் கழுவுவதே சரியான முறை. உலர்ந்த பிறகு தோன்றும் வெண்ணிறப் படிகங்கள் யூரியாவே. ஈரத் துணியால் அவற்றைத் துடைத்துவிடலாம்.

கழுவிய நீர் ஓடைகளில் கலக்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். யூரியா நீர்நிலைகளில் பாசி பெருகக் காரணமாகும். வாளையாற்றின் நீர் கல்பாத்திப் புழை வழியாகப் பாரதப்புழையைச் சேர்கிறது. குமுளி, சின்னார் எல்லைச் சாலைகளோ வனவிலங்குச் சரணாலயங்களை ஒட்டிச் செல்கின்றன.

மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளுக்கு யூரியா மிகுதியாக உட்சென்றால் உயிருக்கே ஆபத்து. அவற்றின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் யூரியாவை விரைவாக அம்மோனியாவாக மாற்றிவிடுவதே இதற்குக் காரணம். எனவே காலியான பக்கெட்டுகளைத் தண்ணீர் காட்டவோ தீவனம் கலக்கவோ பயன்படுத்தக் கூடாது. கால்நடை ஏற்றிச் செல்லும் லாரிகளில் இது தனிக் கவனத்துக்குரியது. குடிநீர் பிடிக்கவும் இந்தப் பக்கெட்டுகள் ஏற்றவை அல்ல.

வயல் யூரியா வண்டிக்கு ஆகாது

உர யூரியாவைக் குழாய் நீரில் கரைத்தால் டி.இ.எஃப். ஆகிவிடும் என்ற எண்ணம் தவறானது. விவசாயத்துக்கான யூரியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. டி.இ.எஃப். திரவத்தில் 0.3 சதவீதத்துக்கு மேல் அனுமதிக்கப்படாத பையூரெட் என்ற பொருள் உர யூரியாவில் கூடுதலாகவே இருக்கும். இவை புகைக் குழாயில் கெட்டியான படிவுகளை உண்டாக்குகின்றன.

45 கிலோ மூட்டை சுமார் ரூ.266 என்ற மானிய விலையில் உழவர்களுக்கு வழங்கப்படும் யூரியாவைத் தொழில் பயன்பாட்டுக்குத் திருப்புவது சட்டப்படி குற்றமாகும். பிசின், பிளைவுட், கால்நடைத் தீவனம் போன்ற தொழில்களுக்கு மானிய யூரியா திருப்பிவிடப்படுவதைத் தடுக்க மத்திய அரசு உரப் பறக்கும் படைகளை அமைத்தது. 370க்கும் மேற்பட்ட திடீர்ச் சோதனைகள் நடத்தப்பட்டு, 30 முதல் தகவல் அறிக்கைகள் பதிவு செய்யப்பட்டதாகவும், கேரளம், கர்நாடகம், குஜராத் உள்ளிட்ட மாநிலங்களில் சந்தேகத்துக்குரிய 70,000 மூட்டைகள் பறிமுதல் செய்யப்பட்டதாகவும் 2023 மே மாதத்தில் மத்திய உரத் துறை தெரிவித்தது.

எச்சரிக்கை விளக்கை ஏமாற்றுவது

டி.இ.எஃப். குறைந்தாலோ தரமற்றதாக இருந்தாலோ வண்டியின் கணினி முதலில் எச்சரிக்கை விளக்கை ஒளிரச் செய்யும். பின்னர் எஞ்சினின் இழுவைத் திறனைக் குறைக்கும். இறுதியில் வேகத்தையே கட்டுப்படுத்தும். மலைப்பாதையில் சுமையுடன் ஏறும்போது இவ்வாறு நேர்ந்தால் பின்னால் வரும் வாகனங்களுக்கும் ஆபத்து. போடிமெட்டு, குமுளி போன்ற ஏற்றங்களைத் தொடங்கும் முன் அடிவாரத்திலேயே அளவைச் சரிபார்ப்பது நல்லது.

இதனைத் தவிர்க்கத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதும், கணினியை ஏமாற்றும் கருவிகளைப் பொருத்துவதும் ஆங்காங்கே நடைபெறுகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளரின் அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. காற்று மாசுத் தரத்தை மீறி வாகனம் ஓட்டினால், 2019இல் திருத்தப்பட்ட 190(2) பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நல்ல திரவமும் செயல்படாத நேரம்

புகையின் வெப்பம் சுமார் 200 டிகிரியை எட்டினால் மட்டுமே டி.இ.எஃப். தெளிக்கப்படும். நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடும்போது புகை அந்த வெப்பத்தை எட்டுவது கடினம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வரும் வரை, வாளையார் வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாக இருந்தது. அந்த வரிசை இப்போது இல்லை. எனினும் பிற சோதனைகளுக்காகவோ நெரிசலாலோ நிற்க நேரும்போது எஞ்சினை அணைத்துவிடுவதே அப்பகுதி மக்களின் காற்றுக்கு நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முத்திரை உடையாத கலம், ஐ.எஸ்.ஓ. 22241 குறிப்பு, உற்பத்தித் தேதி, தொகுதி எண் ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்கு வெளியே வெயிலில் அடுக்கி வைக்கப்பட்ட பக்கெட்டுகளைத் தவிர்ப்பது நல்லது. திரவம் நிறமற்றுத் தெளிவாக இருக்க வேண்டும். கடுமையான அம்மோனியா நெடி, மங்கல், நிறமாற்றம், மிதக்கும் துகள் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பயன்படுத்தக் கூடாது.

ஒளிவிலகல்மானி என்ற சிறிய கைக்கருவியால் யூரியாவின் செறிவு 31.8 முதல் 33.2 சதவீதத்துக்குள் உள்ளதா என அறியலாம். லாரி ஷெட்டுகளிலும் பட்டறைகளிலும் இதனை எளிதில் பயன்படுத்த முடியும். ஆனால் இது செறிவை மட்டுமே காட்டும். கனிமக் கலப்பைக் காட்டாது. தூய்மையை உறுதி செய்ய ஆய்வகச் சோதனையே வழி என்பதால், நம்பகமான விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குவதும் அந்த ரசீதைப் பாதுகாப்பதும் பயனளிக்கும்.

தேவைக்கு மேல் சேமித்து வைப்பது தட்டுப்பாட்டுக்குத் தீர்வாகாது என்பதைத் தென் கொரியாவின் அனுபவம் காட்டுகிறது. 2021 அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது அந்நாட்டில் லாரிப் போக்குவரத்தே முடங்கும் நிலை ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து 27,000 லிட்டர் திரவம் ராணுவ விமானத்தில் கொண்டுவரப்பட்டது. அப்போது பதுக்கலைத் தடுக்கவும் தென் கொரிய அரசு நடவடிக்கை எடுத்தது. பாலக்காட்டு வெயிலில் பதுக்கி வைக்கப்படும் திரவமோ, தட்டுப்பாடு வரும் நாளில் பயன்படுத்தும் தரத்தில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.